உறுப்பினர் பேசலாம்

ஹஸ்னா பானு சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நல்லவேளை, மேசையைப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். மேலே பார்த்தால் மாண்புமிகு சபாநாயகர். துணிக்குக் கீழே பத்தாம் வகுப்புப் பிள்ளை.

சங்கரன்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அன்று மாணவியர் பாராளுமன்றம். தென்காசியிலிருந்து வந்த கல்வி அதிகாரி தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் பள்ளிக்கூடம் மாவட்டப் போட்டிக்குப் போகும். அதனால் ராஜேஸ்வரி டீச்சர் தை பிறந்ததிலிருந்து பிள்ளைகளைப் போட்டுப் பிழிந்து எடுத்துவிட்டார். எதிர்க்கட்சி என்ன கேட்க வேண்டும், அமைச்சர் என்ன பதில் சொல்ல வேண்டும், யார் எப்போது மேசையைத் தட்ட வேண்டும், எல்லாம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எதிர்க்கட்சிக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் அடிக்கோடு வேறு. இப்படி ஒரு எதிர்க்கட்சி கிடைத்தால் எந்த அரசாங்கம் வேண்டாம் என்று சொல்லும்?

ஆனால் டீச்சரைக் குறை சொல்ல ஹஸ்னாவுக்கு வாய் வராது. வாப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். வீட்டில் வாப்பாவின் தம்பி, சாச்சா மைதீன் பாட்சா வைத்ததுதான் சட்டம். பத்தாவதோடு போதும், இனி வீட்டிலிருந்து தையல் படிக்கட்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். உம்மா அழுததுதான் மிச்சம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாச்சா வீட்டிலிருக்கும்போது தானே வந்து பேசுவதாகவும், பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வைப்பது தன் பொறுப்பு என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். டீச்சர் என்றால் சாச்சாவுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. ஹஸ்னாவின் படிப்பு அந்த மரியாதையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று புதன்கிழமை. அந்த ஒரு மணி நேரம் டீச்சர் முகம் கோணாமல் மணியடித்துவிட்டு இறங்கினால் போதும்.

கேள்வி நேரம் வந்தது. எதிர்க்கட்சித் தலைவி சண்முகசுந்தரி எழுந்தாள். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், ஹஸ்னாவோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவள் கேட்க வேண்டிய கேள்வி, பள்ளி வளாகத்தில் எத்தனை மரங்கள் நடப்பட்டன என்பது. சுகாதார அமைச்சர் அன்னக்கிளி பதிலை நெட்டுருப் போட்டு உதட்டிலேயே வைத்திருந்தாள். சுந்தரி கையில் காகிதம் இல்லை.

“மாண்புமிகு சபாநாயகர் அவர்களே, நான் மரத்தப் பத்திக் கேக்கப் போறதில்ல” என்றாள் சுந்தரி. “புதுசாக் கட்டுன கக்கூஸு எப்ப தெறப்பீங்கன்னு அமைச்சர் சொல்லணும்.”

அன்னக்கிளி திறந்த வாயை மூடவில்லை.

இந்தக் கக்கூஸ் கதையைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த கையோடு கட்டி முடித்தாயிற்று. டைல்ஸ் பதித்து, குழாய் வைத்து, தண்ணீர் விட்டும் பார்த்தாயிற்று. சுவரில் கல்வெட்டுக்கு இடமும் விட்டாயிற்று. ஆனால் திறந்து வைக்க வேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. தேதி இல்லாமல் கல்வெட்டு வெட்ட முடியாது, கல்வெட்டு இல்லாமல் திறப்பு விழா கிடையாது, விழா நடக்காமல் பூட்டைத் தொடக் கூடாது. தீபாவளி போய், பொங்கலும் போயாயிற்று. பழையதில் ஒன்றுக்குக்கூடத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நாற்றத்துக்குப் பயந்தே பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. என்ன பிழைப்பு இது!

முன்வரிசையில் அதிகாரி சிரித்தார். இதுவும் நாடகத்தில் உள்ளது என்று நினைத்துவிட்டார், பாவம். தலைமையாசிரியையின் முகம் சுண்டிப் போயிற்று. தூணோரம் நின்ற டீச்சர் ஹஸ்னாவைப் பார்த்து உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினார். மணியடி என்று அர்த்தம்.

சுந்தரி நிறுத்தவில்லை. “போன மாசம் எனக்கு நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேன். தண்ணி குடிக்காம இருந்தா இப்படித்தான் வரும்னு டாக்டரம்மா ஏசுனாவ. குடிச்சா எங்கன போவன்னு நான் அவங்ககிட்ட எப்படிச் சொல்ல?”

டீச்சர் மறுபடியும் தட்டினார். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு. ஹஸ்னாவுக்கு வெள்ளிக்கிழமை கண் முன்னால் வந்து நின்றது. கை தானாகப் போய் மணியை அடித்தது.

சுந்தரி பேச்சை நிறுத்தினாள். முறைப்படி நிறுத்தித்தானே ஆக வேண்டும். ஆனால் உட்காரவில்லை. நாற்காலியை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஹஸ்னா தாங்கியிருப்பாள். அவளோ அனுமதி கேட்டுப் பார்த்தாள்.

“எனக்கு இன்னும் நேரம் இருக்கு, சபாநாயகர் அவர்களே.”

உண்மைதான். அவளுக்கு ஒதுக்கிய நேரம் முடியவில்லை என்று எதிர்ச் சுவர்க் கடிகாரம் காட்டியது. ஹஸ்னாவுக்கு முகமெல்லாம் சூடேறியது. தன் மேலேயே அப்படி ஒரு அருவருப்பு வந்தது. சுந்தரி உள்ளே போகும்போதெல்லாம் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளே ஹஸ்னாதான்.

அதற்குள் டீச்சர் மேடையேறிவிட்டார். சிரித்த முகத்தோடு, பிள்ளை ஏதோ மறந்துவிட்டது என்பதுபோல, சுந்தரியின் கையிலிருந்த மைக்கை வாங்கக் கையை நீட்டினார்.

ஹஸ்னா இரண்டாவது முறை மணியடித்தாள். ஓங்கி அடித்தாள்.

“டீச்சர், அவை நடக்கும்போது உறுப்பினர் இல்லாதவங்க உள்ள வரக் கூடாது. தயவுசெஞ்சு கீழ எறங்குங்க.”

தன் குரல்தானா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. டீச்சர் நீட்டிய கையோடு அப்படியே நின்றார். விதி அவரே சொல்லிக் கொடுத்தது. யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறோம் என்று அப்போது யோசித்திருக்கமாட்டார். அதிகாரி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார், சிரிப்பு போய்விட்டது. டீச்சர் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

“உறுப்பினர் பேசலாம்” என்றாள் ஹஸ்னா.

சுந்தரி மிச்சத்தையும் பேசி முடித்தாள். அமைச்சர் பதில் சொல்ல வேண்டும் என்று ஹஸ்னா அழைத்ததும் அன்னக்கிளி எழுந்தாள். மரக்கணக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கும் அவசரம்தான், சாவி என்கிட்ட இல்லை என்று சொல்லிவிட்டு அழுகிற மாதிரி உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி தலைமையாசிரியை பக்கம் திரும்பி, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். திறப்பு விழா இன்னும் ஆகவில்லை என்று அந்த அம்மா இழுத்தார்கள். விழாவை எப்போது வேண்டுமானாலும் நடத்துங்கள், பூட்டை இப்போது திறங்கள் என்றார் அவர். வாட்ச்மேன் பரமசிவன் சாவியோடு ஓடினார். கூட்டம் முடிவதற்குள்ளேயே கட்டடத்துக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது.

ஹஸ்னா அந்த வரிசைக்குப் போகவில்லை. மேடையின் பின்பக்கம் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த டீச்சரின் எதிரே போய் நின்றாள்.

“அத்தன பேர் முன்னால என்னக் கீழ எறக்கிட்டியேட்டி” என்றார். சத்தமே போடவில்லை. அதுதான் ஹஸ்னாவை அறுத்தது. “சாவிய நானும் எத்தன மட்டம் கேட்டிருக்கேன், தெரியுமா? உனக்கு அதெல்லாம் எங்க தெரியப் போவுது. வெள்ளிக்கிழம நான் வரல. இனி உன் சாச்சாட்ட நீயே பேசிக்கோ.”

காலில் விழுந்தால் டீச்சர் மனசு இளகிவிடும். அது ஹஸ்னாவுக்கு நன்றாகத் தெரியும். தப்புத்தான் டீச்சர் என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும். அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தாள், வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

“சரி டீச்சர்” என்றாள். “நானே பேசுதேன்.”