எம்.பி. எடுக்காத பூ

இரத்தோட்டைக்கு மேலே மலையில் இருக்கும் எங்களுக்கு மிளகுக் கொடிதான் சோறு. நாடு வர்த்தகக் கூட்டமைப்பில் சேர்ந்ததிலிருந்து வெளிநாட்டு மிளகு வரியில்லாமல் வந்து குவிகிறது. எங்கள் மிளகைக் கேட்பாரில்லை. விலகுவதா, இருப்பதா என்று பாராளுமன்றம் ஒரு வருடமாக இழுத்தடிக்கிறது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் எங்கள் எம்.பி. எழுந்து வெளியே போய்விடுவார்.

அதே எம்.பி. எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து முதல் மரியாதையும் வாங்கிக்கொண்டார்.

முடிவு தெரியாத காரியத்துக்கு இங்கே பூக்கட்டிப் பார்ப்போம். அம்மன் முன்னால் எடுக்கிற பொட்டலத்தில் இருக்கும் பூதான் தீர்ப்பு. எங்களைப் போலவே மிளகுக் கொடி வைத்திருக்கும் வேலம்மா அக்கா இரண்டு பொட்டலங்களைத் தட்டில் வைத்து எம்.பி.யிடம் நீட்டினாள்.

"சிவப்பு வந்தா விலகணும், வெள்ளை வந்தா இருக்கணும். உங்களால முடியலன்னா ஆத்தா சொல்லட்டும். ஒண்ண எடுங்க ஐயா."

மேளம் நின்றது. எம்.பி. கையை நீட்டினார். எங்கள் முகங்களையும், உயர்ந்திருந்த ஃபோன்களையும் பார்த்தார். நீட்டிய கை திரும்பிவிட்டது.

"அவசரப்படக் கூடாதும்மா. கலந்து பேசணும்" என்று கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போனதும் நான் தட்டின் பக்கம் திரும்பினேன். "நீங்களே ஒண்ணப் பிரிச்சுப் பாருங்கக்கா" என்றேன்.

அக்கா இரண்டையும் பிரித்தாள். இரண்டிலும் சிவப்பு அரளி.

"ஆத்தாவையே ஏமாத்துறீங்களாக்கா?"

"ஆத்தாகிட்ட காலையிலேயே முறையா கேட்டுட்டேன், செவப்புதான் வந்துச்சு. இந்த மனுசனுக்குக் கை நீளுதான்னுதான் பாத்தேன்."