அய்யனாருக்கு நேர்ந்த மண் கார்

அன்னவாசல் பக்கம் தண்ணீர் மோட்டார் கம்பெனி வைத்திருக்கும் முராசே ஐயா ஜப்பான்காரர். அவர் பிறந்த தீவில் முதன்முதலாகக் கார் ஓட்டியவர் அவர்தான். அன்றைக்கு மீன்கள்கூடக் கரையேறி வேடிக்கை பார்த்தன. இங்கே அய்யனார் திருவிழாவில் வருஷாவருஷம் வள்ளி நாடகம் நடப்பதும் அவர் செலவில்தான். வயதாகிவிட்டதென்று மகள் வந்து கார்ச்சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனதிலிருந்து ஐயாவுக்கு ஒரே ஏக்கம்: இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிவிட வேண்டும்.

இந்த வருஷம் புரவியெடுப்புக்கு ஊரே மண் குதிரை நேர்ந்துகொள்ள, அவர் மண் கார் நேர்ந்துகொண்டார். இருளாண்டி வேளார் ஆள் உட்காரும்படியே செய்து சுட்டெடுத்தார்.

வேளார் வீட்டு வாசலிலிருந்து ஊர்வலம் கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஐயா உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"லைட் இல்லாம ரோட்டுல எடுக்கக் கூடாது, வேளாரே."

"லைட்டுதாங்க இதுக்குக் கண்ணு. கண்ணைக் கோயில்லதான் தொறக்கணும். இங்கிட்டே தொறந்தா நிக்காது."

"ஏய்யா, பெரிய மனுசரு கேக்குறாரு. ரெண்டு பொட்டு மை வைக்க ஒனக்குக் கையா வலிக்குது?" என்றாள் வேளார் பெண்சாதி காத்தாயி.

வேளார் வைத்தார். கார் நிற்கவில்லை. தூக்க வந்தவர்கள் வெறுந்தோளைத் தடவிக்கொண்டு நின்றார்கள்.

கொடும்பாளூர் ரோட்டில் கார் சத்தமில்லாமல் போனது. ஸ்டீரிங்கில் சூளைச் சூடு இன்னும் இருந்தது. திடீரென்று பின்சீட்டு அமுங்கியது. கண்ணாடியில் பெரிய மீசை தெரிந்தது.

"எல்லையை ஒரு சுத்துச் சுத்தணும். மெதுவாப் போங்க, எனக்குக் குதிரைதான் பழக்கம்" என்றார் அய்யனார்.

வயல் முடிந்த இடத்தில் கடல் தொடங்கியது. கொடும்பாளூரில் கடல் ஏது என்று ஐயா கேட்கவில்லை. ஓட்டும்போது பேசுவது அவருக்குப் பிடிக்காது. கரையோரமாக அவருடைய தீவின் ரோடு நீண்டு கிடந்தது. பனையும் பைன் மரமும் மாறி மாறி வந்தன. ஹாரன் அடித்தார். ஈரக்கையைத் துடைத்தபடி அவர் அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். ஐயா கையசைத்தார். மனசு நிறைந்துவிட்டது; கை கனத்தது.

"போதுங்களா?"

"போதும்."

"அப்ப பின்னாடி வந்து உக்காருங்க. இம்புட்டு நேரம் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன்."

ஊர்க்காரர்கள் கோயிலுக்கு ஓடி வந்தபோது, பழைய குதிரைகளுக்கு நடுவே கார் கோணலாக நின்றது. பக்கத்துக் குதிரைக்கு வால் ஒடிந்திருந்தது. பின்சீட்டில் முராசே ஐயா காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"யாருங்க ஓட்டுனது?" என்று காத்தாயி உலுக்கினாள்.

ஐயா கண்ணைத் திறக்கவே இல்லை.

"புதுசுல எல்லாருமே இடிக்கிறதுதான். இனிமே அவரே ஓட்டட்டும்."