பலகையில் மூன்று எழுத்து

டாக்டர் ஆக்னஸ் தெலுங்கு பேசும் பட்டான்செருவில் கிளினிக் திறந்தபோது, பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதை நாகர்கோவிலில் இருந்தபடி போனிலேயே முடிவு செய்தவர் அவளுடைய அப்பா ஆரோக்கியசாமி.

"எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது மக்களே. ஆர்.எம்.பி.ன்னும் சேத்துப் போடு. அரசாங்கத்துல பேரு பதிஞ்ச டாக்டருன்னு அர்த்தம். அந்தக் காலத்துல அதுக்கு உள்ள மரியாதையே வேற, கேட்டியா."

அப்பா ஆசைப்படுகிறாரே என்று அவளும் சம்மதித்தாள். பெயிண்டர் அந்த மூன்று எழுத்தையும் சிவப்பில் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்.

திறந்த அன்றே கூட்டம். மருந்து ஆலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள் ஷேர் ஆட்டோவிலிருந்து நேராக வந்து இறங்கினார்கள். என்ன உபாதை என்று சொல்வதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டினார்கள். ஊசி தேவையில்லை என்றால் அவர்கள் முகம் தொங்கிப்போனது. ஆக்னஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த வாரம் வாசு என்பவன் தொண்டை வலியோடு வந்தான். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழன்; பேச்சில் அந்தப் பக்கத்து உருது கலந்திருக்கும்.

"மாத்திரை நக்கோ மேடம், வேணாம். ஊசி போடுங்க, ஷிப்ட் இருக்கு."

"இதுக்கு ஊசி வேண்டாம்."

"ஆர்.எம்.பி.ன்னு போர்டு வச்சுட்டு ஊசி போடலன்னா எப்படி?"

"ஆர்.எம்.பி.ன்னா என்னன்னு நினைக்கிறீங்க?"

"படிக்காத டாக்டர். கேட்ட ஊசியைப் போட்டு அனுப்பிடுவாங்க. முன்னாடி நிஜ டாக்டருங்கதான் போட்டுக்கிட்டாங்களாம். அப்புறம் கம்பவுண்டருங்களும் போட்டுக்க ஆரம்பிச்சு, அது அவங்க பேராவே ஆயிடுச்சு."

ஆக்னஸுக்குக் காது சூடானது. "பக்கத்துல எம்.பி.பி.எஸ்.ன்னு இருக்கே, பாக்கலையா?"

"ஹவ், ஆமா, பாத்தேன். அதை யாரு வேணா எழுதுவாங்க. ஆர்.எம்.பி.ன்னு உண்மையை எழுதுறவங்கதான் கம்மி."

அப்போதுதான் இரண்டு அதிகாரிகள் உள்ளே வந்தார்கள். போலி மருத்துவர்களைப் பிடிக்கும் சோதனை. அவள் வாயைத் திறப்பதற்குள் வாசு எழுந்து நின்று தெலுங்கில் மன்றாடினான்.

"சார், இவங்க நல்ல ஆர்.எம்.பி. சார். பயந்துபோய் ஊசிகூடப் போடறதில்ல. இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

ஆக்னஸ் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களைக் காட்டினாள். அதிகாரிகளில் பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல போலிங்க ஒரிஜினல்னு போர்டு வச்சுப் பாத்திருக்கேன்மா. ஒரிஜினல் போலின்னு வச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவர்கள் போனதும் வாசு கலவரத்தோடு கேட்டான். "நிஜ டாக்டரா? அப்போ செலவு வைக்கிற டெஸ்ட்டெல்லாம் எழுதிடுவீங்களா?"

"எழுத மாட்டேன். வாயைத் திறங்க," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

அன்றே சிவப்பு எழுத்துகளை அழிக்கச் சொல்லிவிட்டாள். அப்பாவிடம் மழையில் கரைந்துவிட்டதாகச் சொன்னாள். கூட்டமும் கரைந்தது. சில நாள் கிளினிக்கில் ஃபேன் மட்டும் ஓடியது.

பிறகு ஒரு மாலையில் வாசலில் வாசுவின் குரல் கேட்டது. தொண்டை நன்றாகத் தேறியிருந்தது. கூட வேலை பார்க்கும் இரண்டு பேரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

"படிச்ச டாக்டர்தான். ஆனா பயப்படாம வாங்க."