விளக்கைப் போட்ட கை

டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே கண்மாய்க் கரையை ஒட்டி இருக்கும் சிவக்குமாரின் வீட்டில் மூன்று வருடம் இருட்டு விழவில்லை. ஊருக்கெல்லாம் பொழுது அடைந்தது, அவன் வேலிக்குள் மட்டும் அடையவில்லை. வேலிக்கு வெளியே நிலாவும் நட்சத்திரமும் இருக்கும். படலைத் தள்ளி உள்ளே ஓர் அடி வைத்தால் மத்தியானம். வெயில் என்று சொல்ல முடியாது. சூடு இல்லை, நிழலும் விழாது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு வெள்ளை வெளிச்சம் கட்டிலுக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் மூடிய கண்ணுக்குள்ளும் ஒரே அளவில் இருந்தது. மின்வாரியத்து ஆட்கள் வந்து மெயினை இறக்கிப் பார்த்தார்கள், மீட்டரைப் பார்த்தார்கள், யாரும் கொக்கி போடவில்லை என்று உறுதியானதும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்கள். அதன் பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பாயோடு அனுப்பிவைத்தார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் விடிய விடியக் காய் நறுக்க அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஓசி வெளிச்சத்தை யார் விடுவார்கள்? அங்கே தூங்க வேண்டியிருந்தது அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான்.

காரணம் சிவக்குமாரின் மனைவி நாகஜோதிக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. பருத்தி போட்டுக் கைசலித்துப்போய் அவர்கள் கறிக்கோழி வளர்க்க செட்டுப் போட்டிருந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், வளர்ந்ததும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும், ஏறின எடைக்கு ஏற்ற கூலி. கம்பெனியின் முக்கியமான கண்டிஷன், ராத்திரி முழுக்க செட்டுக்குள் விளக்கு எரிய வேண்டும் என்பது. இருட்டினால் கோழி தூங்கும், தூங்கினால் தின்னாது, தின்னாவிட்டால் எடை ஏறாது. இதைக் கம்பெனி சூப்பர்வைசர் சங்கிலி வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். முதல் குஞ்சுகள் வந்து இறங்கின அன்றைக்கு, வீட்டு மகாலட்சுமி கையால் ஆரம்பிக்கட்டும் என்று சிவக்குமார் சொல்ல, நாகஜோதி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டாள். இரண்டாயிரம் குஞ்சுகள் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தன. அதன் பிறகு அவை ராத்திரியைப் பார்க்கவே இல்லை. ஐந்து வாரத்தில் நெஞ்சு வீங்கி, அந்தப் பாரத்தைத் தாங்க முடியாமல் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, உட்கார்ந்த இடத்திலேயே நனைந்த உமியில் நெஞ்சு வெந்து கிடந்தன. தீவனத் தட்டு வரைக்கும் நகர முடியாததை நாகஜோதியே தூக்கிக்கொண்டுபோய் வைத்தாள், அதற்கும் முடியாததைக் கழுத்தைத் திருகினாள். ஒரு நாள் கரண்ட் போனபோது, இருட்டு என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் கோழிகள் பயந்துபோய் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அடியில் கிடந்த முந்நூறும் நசுங்கிச் செத்தன. கோழிக்கெல்லாம் கோபம் வராது என்றான் சங்கிலி. வரும். கோபம் வந்தால் அது கொத்துகிறதில்லை, எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறது. தங்களுக்குக் கொடுக்காத ராத்திரியை அவை, விளக்கைப் போட்டவளிடமிருந்து எடுத்துக்கொண்டன. முதல் லாரி புறப்பட்டுப் போன சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டில் பொழுது அடையவில்லை.

நாகஜோதி எங்கே போனாலும் வெளிச்சம் கூடவே போனது. வில்லாபுரத்தில் டைல்ஸ் ஒட்டும் வேலை பார்த்த அவள் தம்பி ஜெயக்கொடியின் வீட்டில் போய்ப் படுத்துப் பார்த்தாள். அந்தச் சந்து முழுக்கப் பகலாகி, பால்காரர் நடுச்சாமத்தில் வந்து மணியடித்தார். அவளும் சிவக்குமாரும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கப் பழகிக்கொண்டார்கள். பெரியவர்கள் எதையும் பழகிக்கொள்வார்கள். ஆனால் இரண்டாவது வருடம் பிறந்த பாண்டிமீனா தூங்கவே இல்லை. தொட்டிலில் விழித்தபடியே கிடந்தாள், விழித்திருந்ததால் பால் கேட்டாள், பால் குடித்துவிட்டு மறுபடி கேட்டாள். சீக்கிரம் வளர்கிறாள் என்று முதலில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். முதல் பிறந்த நாளைக்கு நாலு வயதுப் பிள்ளையின் எடை இருந்தாள். நெஞ்சு முன்னுக்குத் தள்ளியிருந்தது. நிற்கவைத்தால் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்தன. மதுரையில் பார்த்த டாக்டர்கள் சத்து அதிகம் என்றார்கள், சத்துக் குறைவு என்றார்கள். ஜெயக்கொடி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து மருமகளின் காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டான், நீவும்போது அழுதான். நாகஜோதி அழவில்லை. அந்தக் கால்களை அவள் செட்டுக்குள் ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தாள், அது எங்கே போய் முடியும் என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளையைத் தூங்கவைக்காவிட்டால் பறிகொடுக்க வேண்டியதுதான்.

அடுத்து வந்து இறங்கின குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே செட்டு விளக்கை அணைத்துப் பார்த்தாள். கோழிகள் தூங்கின, வீட்டில் வெளிச்சம் அப்படியே இருந்தது. தூங்காமலே லாரி ஏறிப்போன கோழிகளின் ராத்திரியை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது? எடை ஏறாத கோழியைப் பார்த்து சங்கிலி, இனியும் விளக்கை அணைத்தால் அடுத்த குஞ்சு வராது என்று சொல்லிவிட்டுப் போனான். சிவக்குமார் அதே சுவிட்சைத் தன் கையால் போட்டுப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. ஒரு சுவிட்சுக்கு முதலில் போட்ட கைதான் கணக்கு. அந்தச் சமயத்தில்தான் மதுரையில் கம்பெனி ஒரு கூட்டம் போட்டது. வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் சாப்பாடு. முதலாளி முத்துக்குமரன் மேடையில் உட்கார்ந்து, தன் பங்குக்கு வந்த தட்டைச் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவைத்தார். வீட்டில் நாட்டுக்கோழி மட்டும்தான், இது உடம்புக்கு ஆகாது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மைக்கில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நாகஜோதி விழித்தே கிடந்து சிவந்துபோன கண்ணால் அவரைப் பார்த்தாள். விளக்கு எரியட்டும் என்று சொன்ன மனுஷன் சுவிட்சைத் தொட்டதும் இல்லை, கறியைத் தின்றதும் இல்லை. வண்டியூர் தெப்பக்குளத்தைப் பார்த்த மூன்று மாடி வீட்டில் கனத்த திரையை இழுத்துவிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேடையே பற்றியிருக்க வேண்டும். பற்றவில்லை. அதை அவள் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பழைய செட்டின் வயரை எல்லாம் பிடுங்கச் சொன்னாள். பக்கத்திலேயே புதிதாக ஒரு செட்டுப் போட்டு, இரண்டுக்கும் சேர்த்து, யாரும் போட்டுப் பார்க்காத ஒரே புது சுவிட்ச் வைக்கச் சொன்னாள். சிவக்குமாருக்குப் புரிந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் தொட்டிலைப் பார்த்துவிட்டு வயர் வாங்கப் போனான். முத்துக்குமரனுக்குக் கைராசிக்காரர் என்று ஒரு பெயர் உண்டு. அவர் குத்துவிளக்கு ஏற்றிய கடை எதுவும் நொடித்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். நாகஜோதி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தெப்பக்குளத்து வீட்டுக்குப் போனாள்.

“மொதலாளி கைராசி ஊரறிஞ்சது. நீங்க வந்து சுவிட்சப் போட்டாத்தான் எங்க செட்டு வெளங்கும்” என்றாள்.

“அம்புட்டு தூரம் வரணுமாம்மா?”

“கார்ல ஒரு மணி நேரந்தான் மொதலாளி. வாழமரம் எல்லாம் கட்டியாச்சு.”

வாழைமரம் கட்டினால் வராத பெரிய மனிதர் நம் பக்கத்தில் கிடையாது. பட்டுச் சட்டையில் வந்து இறங்கினார், மாலை போட்டுக்கொண்டார், குத்துவிளக்கை ஏற்றினார், சுவிட்சைப் போட்டார். இரண்டு செட்டும் பளீரென்று எரிந்தன, ஜனங்கள் கைதட்டினார்கள். “போட்டோ சரியா விழலயாம் மொதலாளி. இன்னொருக்கா அமுத்துங்க” என்றாள் நாகஜோதி. சிரித்துக்கொண்டே அணைத்துவிட்டு இன்னொரு தடவையும் போட்டார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பொழுது அடைந்தது. முதலில் அடுப்படி கறுத்தது, பிறகு கட்டிலுக்கு அடி, பிறகு பாண்டிமீனாவின் தொட்டில். இருட்டையே பார்த்திராத பிள்ளை அலறித் துடித்து, தொட்டிலிலிருந்து சரிந்து இறங்கி, மூலையைத் தேடி நெஞ்சால் ஊர்ந்து போனது. நாகஜோதி பாய்ந்துபோய் அதைச் சுவருக்கும் தனக்கும் நடுவில் போட்டு அணைத்துக்கொண்டு, ஒண்ணுமில்ல, ராத்திரிதான், ராத்திரிதான் என்று சொல்லிக்கொண்டே கிடந்தாள். கடைசியில் பிள்ளையின் மூச்சு சீரானது. மறுநாள் உச்சிப் பொழுது வரைக்கும் தூங்கினாள். நாகஜோதி அந்த ராத்திரி பிள்ளையின் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள், கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு இருட்டாக இருந்தது. அவளுக்கு வயிறு நிறைந்துபோனது. தெப்பக்குளத்து வீட்டை நினைத்ததும் இன்னும் கொஞ்சம் நிறைந்தது.

அங்கே முத்துக்குமரன் முதலில் திரையை மாற்றினார். பிறகு ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். உள்ளே வெளிச்சம் இன்னும் கெட்டியானது. ஓட்டலில் அறை போட்டுப் பார்த்தார். அந்த ஓட்டல் முழுக்க விடிந்துவிட்டது என்று எழுந்து குளித்து, மானேஜரோடு சண்டை போட்டது. தைப்பூசத்தன்று தெப்பம் பார்க்க வந்த கூட்டம், அந்த வீட்டுக்காரர் திருவிழாவுக்குச் செய்த ஜோடனை என்று நினைத்துப் பாராட்டியது. தூக்கம் இல்லாததால் முதலாளிக்குப் பசித்தது, பசித்ததால் தின்றார். நெஞ்சு வீங்கியது, கால் விரிந்தது, நாற்காலியோடு தூக்கிப்போய் வைத்தால்தான் சாப்பாட்டு மேஜை. நாகஜோதி மாதத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறிப்போய், குளத்துப் படியில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டே அந்த வீட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு சினிமாவிலும் அவளுக்கு அவ்வளவு திருப்தி கிடைத்ததில்லை.

அவருக்கும் ஒரு நாள் விஷயம் பிடிபட்டது. நாலு பேர் தூக்கிவர, நாகஜோதியின் வாசலில் வந்து இறங்கினார். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

“அம்புட்டு செட்டுலயும் ராத்திரிக்கு விளக்க அணைக்கச் சொல்லுங்க மொதலாளி. கோழி தூங்கட்டும்.”

“அணைச்சா கிலோவுக்கு நாப்பது ரூபா ஏறும்மா. ஒருத்தன் வாங்க மாட்டான்.”

“வாங்குறவகள கேட்டீகளா?”

“கேட்கணுமாக்கும்.”

“கேட்டுப் பாருங்க. அவுகளுக்குத் தெரியட்டும்” என்றாள் நாகஜோதி. தெரிந்தால் ஜனங்கள் தூங்காத கோழியை வாங்க மாட்டார்கள் என்று அவள் மனதார நம்பினாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான்.

முத்துக்குமரன் கேட்டுத்தான் பார்த்தார். வில்லாபுரத்தில் இருந்த கம்பெனிக் கடையில் இரண்டு கூண்டு வைத்தார். ஒன்றில் தூங்கின கோழி, இன்னொன்றில் தூங்காத கோழி, விலை நாற்பது ரூபாய் குறைவு. தூங்காத கூண்டுக்கு மேலே ஒரு பல்பும், வாங்குகிறவர் கைக்கு எட்டும்படி ஒரு புது சுவிட்சும் இருந்தன. போட்டால்தான் கோழி தெரியும், போட்டவர் வீட்டில் கிலோவுக்கு ஒரு மணி நேரம் ராத்திரி நிரந்தரமாகக் குறையும், அடுத்தவர் போடுவதற்குள் கடைக்காரர் சுவிட்சை மாற்றிவிடுவார். எல்லாம் போர்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் போர்டை இரண்டு தடவை படித்தார்கள். அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவர், ஒரு மணி நேரம்தானே, எப்படியும் அதுவரை போன்தான் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போட்டார். பின்னால் வரிசை நகர ஆரம்பித்தது. அடுத்த ஞாயிறு வரிசை தெருமுனையைத் தாண்டியது. கை மாற மாற முதலாளி வீட்டு வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்து, ஆடி பிறப்பதற்குள் முழுசாக இருட்டியது. அவர் மறுபடி நன்றாகத் தூங்கினார், கால்கூட நேரானது.

விளக்கை அணைத்து வளர்த்த நாகஜோதியின் கோழிகள் தூங்கின கூண்டில் வாங்க ஆளில்லாமல் நின்றன. அவள் பாண்டிமீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் பிள்ளையின் காலைக் காட்டினாள். தூக்கம் வந்த பிறகு பிள்ளையின் எடை குறைந்திருந்தது, ஆனால் இடது கால் விரிந்தது விரிந்ததுதான். ஐயோ பாவம் என்றார்கள், பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டார்கள், சுவிட்சைப் போட்டார்கள். வரிசையில் பத்தாவதாகவோ என்னவோ ஜெயக்கொடி வந்தான். அக்காவைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்தான். அவன் வீட்டில் பிறந்து இரண்டு மாதமே ஆன பெண் பிள்ளை இருந்தது.

“விருந்தாளி வாராகக்கா. ரெண்டு கிலோதான்.”

“நீ இவ காலத் தேச்சவன்டா.”

“எல்லாரும்தான போடுறாக. நான் ஒருத்தன் போடாட்டி நின்னுறுமா?”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் மெதுவாக, மரியாதையாக, அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். மூன்றாவது கோழி நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரிடம் கையைக் காட்டினான். நாகஜோதி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, முதலாளி மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வழி தெரிந்த மாடு மாதிரி தானாகவே இடம் மாறி, அந்த வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. இனி ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு பண்ணினாள்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி ஜெயக்கொடி போன் பண்ணினான். பாண்டிமீனா தூங்கிக்கொண்டிருந்ததால் நாகஜோதி வாசலுக்கு வந்து, கும்மிருட்டில் நின்று பேசினாள். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இப்போது வீட்டில் ராத்திரியே இல்லை என்றான். பிள்ளை கண்ணை மூட மாட்டேன் என்கிறது, ஓயாமல் பால் கேட்கிறது, ஆளைப் பார்த்தால் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது என்றான். அக்கா, ஏதாவது வழி சொல்லு என்று கெஞ்சினான்.

“இந்த ஞாயித்துக்கெழம என்னடா வாங்குன?” என்று கேட்டாள்.

“ரெண்டு கிலோக்கா. அதே கூண்டுலதான்.”

“அப்ப பழகிக்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள். வில்லாபுரத்தில் இப்போது பாதிக்கு மேல் வீடுகளில் பொழுது அடைவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மாடியில் துணி காயப்போடுகிறார்கள், கறுப்புத் திரைத்துணி மீட்டருக்குப் பத்து ரூபாய் ஏறியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரிசை காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது.