இடது காதுக்குக் கீழே

அறை விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான், அடித்தது தன் கை என்று ஸ்ரீவித்யாவுக்குத் தெரிந்தது. பிசியோதெரபிஸ்ட் ஷமீரா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். அவளுடைய கண்ணாடி கட்டிலுக்கடியில் கிடந்தது. ஸ்ரீவித்யா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்திருந்தது. இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். ஒரு பிள்ளையின் காதைக்கூடத் திருகியதில்லை.

வெளியே உட்கார்ந்திருந்த கணவர் ரகுராமன் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "வித்யா, என்னடி பண்ணினே? மன்னிச்சுக்கோம்மா, இவ இப்படிப்பட்டவ இல்ல."

"பரவால்ல சார். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க," என்றாள் ஷமீரா. அவர் போகும்வரை திரையருகிலேயே நின்றாள்.

கழுத்து வலப்பக்கம் திரும்பாமல் போய் ஒன்றரை வருடமாகிறது. வகுப்பில் வலது பெஞ்சிலிருந்து யாராவது கேள்வி கேட்டால் உடம்போடு திரும்ப வேண்டும். பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிப்பதும் அவளுக்குத் தெரியும். கும்பகோணத்தில் எடுக்காத ஸ்கேன் இல்லை. எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். சக டீச்சர் ஒருத்தி சொல்லித்தான் இங்கே வந்தாள். 'மயோஃபேஷியல் ரிலீஸ்' என்று பலகையில் போட்டிருந்தது. முதல் நாளே ஷமீரா விளக்கியிருந்தாள்: தசையைச் சுற்றி மெல்லிசாக ஒரு சவ்வு இருக்கும், அது இறுகிப்போனால் இழுத்துப் பிடிக்கும், எண்ணெய் தேய்த்தால் போகாது, விரலை ஒரே இடத்தில் வைத்து அது தானாக இளகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு தடவை தோளிலும் முதுகிலும் செய்தாள். இன்றைக்குத்தான் கழுத்துக்கு வந்தாள். இடது காதுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும்.

"ரொம்ப வலிச்சிருச்சா டீச்சர்?"

"வலிக்கவே இல்ல."

அதுதான் உண்மை. வலிக்கவில்லை. இறுக்கம் மெல்ல விட்டுக்கொடுக்கும்போது, அங்கே வேறொரு கட்டைவிரல் இருந்தது.

"எங்க அண்ணா," என்றாள் ஸ்ரீவித்யா. அதற்குமேல் வாயிலிருந்து வந்ததை அவளே அன்னியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, அப்பா போய்ப் பதிமூன்றாம் நாள், குத்தாலம் வீட்டுக் கூடம். சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணா ஹரிஹரசுப்ரமணியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆறுதலாகக் கழுத்தில் கையைப் போட்டான். எதிரே விடுதலைப் பத்திரம். நிலத்திலும் வீட்டிலும் தனக்குள்ள பாகத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. "படிச்சுப் பாத்துட்டுப் போடறேனே அண்ணா," என்றாள். கட்டைவிரல் காதுக்குக் கீழே இறங்கியது. தலை காகிதத்தை நோக்கிக் குனிந்தது, குனிந்தது, எழுத்துகள் மங்கும்வரை குனிந்தது. அழுகிற தங்கையை அண்ணன் தேற்றுகிறான் என்று கூடத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம், "நானாத்தான் எழுதிக் குடுத்தேன், எனக்கெதுக்கு நெலம்?" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னதில் அவளுக்கே அது அப்படித்தான் நடந்ததாக ஆகிவிட்டது.

"கையில பேனா இல்ல," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். மூடியைக் கழற்றி ஒரு கை பேனாவை நீட்டியது. குனிந்த தலைக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது. விரலில், அவள் கல்யாணத்தில் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம்.

ஷமீராவின் கன்னத்தில் நான்கு விரலும் தடித்திருந்தன. ஸ்ரீவித்யா கட்டிலுக்கடியில் குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, அவள் கையைப் பிடித்தாள்; விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரகுராமன் வாசலில் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"பத்திரத்துல கையெழுத்துப் போட்ட அன்னிக்கு, அண்ணா என் கழுத்தப் புடிச்சு அமுக்கினானே, உங்களுக்குத் தெரியுமா?"

என்ன உளறுகிறாய் என்று அவர் கத்த வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படியெல்லாம் நடக்கவே இல்லை, உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சொன்னால்கூடப் போதும். நம்பிவிடலாம். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதெல்லாம் நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்."

காது அடைத்தது. தெருவில் பழவண்டிக்காரரின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை.

"காரியம் நடந்த வீட்டுல சண்டை வேண்டாமேன்னுதான்... ஏறு வித்யா. ஆத்துக்குப் போய்ப் பேசலாம்."

அவள் நடந்தாள். மெயின் ரோட்டில் மயிலாடுதுறை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டாள். கால்கள் ஏறியபிறகுதான் எங்கே போகிறோம் என்பது விளங்கியது. "குத்தாலம் ஒண்ணு," என்று கண்டக்டரிடம் சொன்னது தன் குரல்தானா என்று இருந்தது.

திருவிடைமருதூர் தாண்டியதும் ஜன்னலோரமாக ஸ்கூட்டர் வந்தது. அவளுடைய ஹெல்மெட் ஹாண்டில்பாரில் தொங்கியது. ரகுராமன் அண்ணாந்து என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். சற்றுத் தள்ளி, சாலையின் பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மிச்சப் பாதியை பஸ் அடைத்துக்கொண்டு போக, ஸ்கூட்டர் பின்தங்கி நெல்லின் விளிம்பில் ஏறி நின்றது. துழாவிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் ஒரு காலை நெல்லுக்குள் ஊன்றிக்கொண்டு, பஸ் போகும் திசையில் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.