நானூறு வீட்டுக் கெட்ட காலம்

ஒரு தேசத்தை அதன் பல்லாயிரம் வருடப் பழக்கத்திலிருந்து மீட்க ஒரு நீலப் பீப்பாயும் ஒரு பலகையும் போதும் என்று கண்டுபிடித்தவன் நான். அடக்கத்தோடுதான் சொல்கிறேன். பலகை வாசகத்தை நான்கு முறை திருத்தினேன். ‘முளைப்பயிரை ஊற்றில் விடாதீர். பீப்பாயில் இடுவீர். ஆடுகள் வாழ்த்தும்.’ பீப்பாயில் சேர்வது ஆடுகளுக்குத் தீவனமாகப் போகும். கடைசி வரியில் என் இலக்கியமும் நீர்ப்பாசனப் பொறியியல் இரண்டாம் ஆண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன.

சஷ்மே-பீத் ஊற்றும் அதைச் சுற்றிய புல்வெளியும் பாதுகாக்கப்பட்ட இடம். வருடத்தில் ஒரே ஒரு நாள், எங்கள் பாரசீகப் புத்தாண்டின் பதின்மூன்றாம் நாள், ஊருக்குத் திறந்துவிடுவோம். வீட்டில் தங்கினால் பீடை என்பதால் அன்று எல்லோரும் கம்பளம், டீ கொதிக்கும் சமோவார், கபாப் கம்பிகளோடு வெளியே வந்துவிடுவார்கள். வரும்போது புத்தாண்டுக்கு முளைக்கவைத்த கோதுமைத் தட்டைக் கார் மூக்கின் மேல் வைத்துக்கொண்டு வருவார்கள். வீட்டின் கெடுதலை எல்லாம் உறிஞ்சிக்கொண்ட அதை ஓடுகிற தண்ணீரில் விட்டாக வேண்டும். விட்டவர் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் அது நூறடி போய் எங்கள் கம்பித் தடுப்பில் மாட்டிக்கொள்ளும். தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் பாதாம் தோட்டங்களுக்குப் போகும் வாய்க்கால்.

இந்த வருடம் மலையில் பனியே விழவில்லை. தோட்டக்காரர்கள் புல்வெளிக்கு நிரந்தர வேலி கேட்டார்கள். நீர்வளத் துறை அதிகாரி மஹ்லகா கானும் (‘கானும்’ என்றால் எங்கள் ஊரில் ‘அம்மா’ மாதிரி மரியாதைச் சொல்), அவர்தான் ஊர்க் கமிட்டியில் எழுந்து நின்று, ‘இந்த ஒரு நாளால் உங்கள் முறைத் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாது, குறைந்தால் நானே வேலி போடுகிறேன்’ என்று வாக்குக் கொடுத்தவர். அந்த ஒரு நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் கமிட்டி மறுபடி கூடுகிறது. விடுமுறைத் தற்காலிக ஊழியனான நான் அவருடைய ஒரே படை.

பதின்மூன்றாம் நாள் காலையில் கிளம்பும்போது அம்மா சிவப்பு நாடா கட்டிய எங்கள் வீட்டுத் தட்டை நீட்டினாள். “நீ அங்கதானே நிக்கப்போற. போற போக்குல விட்டுடு.”

“அம்மா, நொடிக்குத் தொண்ணூறு லிட்டர் ஓடற தண்ணி அது. நம்ம வீட்டுக் கஷ்டம் அதுல கரையாது.”

“உன்கிட்ட கணக்கா கேட்டேன்? விடச் சொன்னேன்.”

ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு மூடினேன்.

பதினொரு மணிக்குப் பீப்பாயைத் தேடி வந்த முதல் மனிதர் தஹ்மூரஸ் சார். பள்ளியில் எனக்கு இயற்பியல் நடத்தியவர். என் நம்பிக்கை எல்லாம் அவர் மேல் இருந்தது. பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டு, “பொர்ஸூ, இது நிக்கற தண்ணிடா. ஓடற தண்ணின்னா வேணும்” என்றார்.

ரப்பர் குழாயை இழுத்து வந்து பீப்பாய்க்குள் விட்டேன். தண்ணீர் சுழன்றது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது சுத்துதுடா. நான் விடறது ஒரு ரவுண்டு அடிச்சு எனக்கே திரும்பி வரும்.”

இயற்பியல்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. தட்டோடு ஊற்றைப் பார்க்கப் போய்விட்டார். மத்தியானம் வரை என் பீப்பாயில் விழுந்தவை ஒரு ஆரஞ்சுத் தோலும் ஒரு குழந்தையின் காலுறையும். ஆடுகள் எதற்காக வாழ்த்தும்?

ஒரு மணிக்குத் தடுப்பு பச்சைச் சுவராகிவிட்டது. வேரும் நாடாவுமாகப் பின்னிக்கொண்டு, இந்தப் பக்கம் தண்ணீர் ஏறி யாரோ ஒருவரின் கம்பளத்தை நனைத்தது. அவர் என்னைத் திட்டினார். நான் இரும்பு வாரியால் இழுத்தேன். இழுக்க இழுக்க மேலிருந்து புதிது வந்தது. பக்கத்தில் ஆறு தடியன்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கை கொடுங்கப்பா என்று கூப்பிட்டேன்.

“எஞ்சினியர், வேற எது வேணா சொல்லு. கார் தள்றோம், ஆடு உரிக்கறோம். அடுத்த வீட்டு முளைப்பயிர மட்டும் தொட மாட்டோம்.”

“ஏன், கடிக்குமா?”

“தொட்டா அவன் கஷ்டம் நம்ம வீட்டுக்கு வந்துரும். நீயும்தான் குச்சியால தள்ளிக்கிட்டிருக்க.”

அது சுகாதாரம் கருதி என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே வாரியின் கழி முறிந்தது.

இரண்டு மணிக்குப் பாதாம் தோட்டக்காரர் நஜஃப் மாமா மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் வந்து நின்றார். இரண்டிலிருந்து ஐந்து வரை அவர் முறை. வாய்க்காலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அவர் சத்தம் போடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

“மாமா, அந்த மண்வெட்டியால ஒரு கை...”

“என் கெட்ட காலமே எனக்கு ஏகப்பட்டது இருக்கு தம்பி.”

வாயிற்கதவிலிருந்து மஹ்லகா கானும் ஓடி வந்தார். ஐம்பது வயது, காலையிலிருந்து கார்களோடு மல்லுக்கட்டித் தொண்டை கட்டிப்போயிருந்தது. தடுப்பைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கையில் பாதிக் கழியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“கையுறை தேடிக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

“தேடிக்கிட்டே இரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு, மேலங்கியோடு தொடை வரை தண்ணீரில் இறங்கினார். இரண்டு கையாலும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக் கரையில் எறிந்தார். மறுபடி குனிந்தார். வாலிபால் நின்றுவிட்டது. சமோவாரைச் சுற்றி இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

“நானூறு வீட்டுக் கஷ்டம்,” என்றார் யாரிடமும் இல்லாமல். “கனமாத்தான் இருக்கு.”

எனக்குக் கையுறை கிடைத்தபோது கடைசிக் கட்டும் வெளியே வந்திருந்தது. வாய்க்கால் முழங்கால் உயரத்துக்கு நிறைந்தது.

நஜஃப் மாமா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். “நாப்பது நிமிஷம் போச்சும்மா. உங்க மேல வருத்தமில்ல. ஆனா நாளைக்குக் கேட்டா நாப்பதுன்னுதான் சொல்வேன்.”

“சொல்லுங்க. அதுதானே உண்மை.”

சாயங்காலம் கார்கள் போய்விட்டன. மிதிபட்ட புல்லில் சூரியகாந்தி விதைத் தோல் பனி மாதிரி கிடந்தது. மஹ்லகா கானும் ஈர மேலங்கியோடு படியில் உட்கார்ந்து என் ஃபிளாஸ்க் டீயைக் குடித்தார்.

“சில நேரம் எனக்கே வேலி போட்டுத் தொலைக்கலாம்னு தோணுது பொர்ஸூ. போட்டா அடுத்த வருஷம் இதுங்க எங்க போகும்? நெடுஞ்சாலை ஓரமா லாரிப் புகையில உக்காந்து கபாப் சுடும்.” தும்மினார். “என் கார் மேல எங்க வீட்டுது இருக்கு. விட நேரமில்ல. பீப்பாயில போட்டுடு. சட்டம் நம்ம போட்டதுதானே.”

அவர் காரின் மூக்கில் அது தனியாக வாடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டு முளைப்பயிர். கையுறை என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெறும் கையால் எடுத்தேன். போகிற வழியில் ஸ்கூட்டர் பெட்டியையும் திறந்தேன்.

பீப்பாயைத் தாண்டி, தடுப்பைத் தாண்டி, மிச்சத் தண்ணீர் ஆற்றுக்குப் பிரியும் இடத்துக்கு நடந்தேன். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கமிட்டி. நாடாக்களை அவிழ்த்துப் பையில் வைத்தேன். எங்கும் அடைக்கக்கூடாது என்பதற்காக வேரைப் பிய்த்து, பிடி பிடியாக விட்டேன். அவர் வீட்டினுடையதை முதலில்.

எல்லாம் போய்விட்டது. ஒரு பிடி மட்டும் அரளி வேரில் இடித்துச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. நான் சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டு, முறிந்த கழியால் அதை மெதுவாக ஓட்டத்துக்குள் தள்ளிவிட்டேன்.