பந்து நிற்காத மைதானம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதைக் கடைசிப் பக்கத்தில் சொன்னால் எழுதியவன் திருந்திவிட்டான் என்று நினைப்பீர்கள். திருந்தவில்லை, அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கியிருந்தேன்: "பரந்து விரிந்த பசும்புல்வெளியின் நடுவே ஒற்றைக் கொடி காற்றில் படபடத்துக்கொண்டு" (நிறுத்திவிட்டேன். நான் கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை. கதையின் நாயகரும் பார்த்ததில்லை. எங்கள் இருவருக்கும் அதில் பழக்கமானது காற்று ஒன்றுதான்.)

இரண்டாவது தொடக்கம்: "அவர் ஒரு கடவுள்." கணினியில் மலையை உயர்த்தி ஏரியைத் தோண்டுகிற ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை தானாக இந்த வரிக்குத்தான் போகிறது. கடவுளுக்குத் தலை வழுக்கையாகாது, முதுகு வலிக்காது என்று தோன்றியதும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: "என் தங்கை கணவர் வடிகால் வரைபடம் வரைகிறவர்." இது உண்மை. எனவே இருக்கட்டும்.

2

அவரை மாப்பிள்ளை என்றே அழைப்பேன். கட்டடங்களிலிருந்து மழைநீரும் கழிவுநீரும் எந்தக் குழாய் வழியாக, எந்தச் சரிவில், எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே அலுவலகம், அதே ஜன்னலோர மேசை. தண்ணீர் எங்கேயும் தேங்கக் கூடாது என்பது அவருக்கு வேதவாக்கு. எங்கள் வீட்டுக் குளியலறைக்குள் நுழைந்தால்கூட முதலில் தரையைத்தான் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் ஒரு அனுதாபம் இருக்கும்.

வீட்டில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் அவருடைய கணினி. அதில் ஒரு கோல்ஃப் விளையாட்டு.* ஆடுவதோடு நிற்காமல், நாமே மைதானம் அமைத்து எல்லோருக்கும் பொதுவில் போடலாம். பதினெட்டுக் குழி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு புல்பாதை, பந்தைச் சிக்கவைக்க மணல்பள்ளம், குட்டை, மரம். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் வந்து ஆடுவார்கள், கீழே கருத்து எழுதுவார்கள். மாப்பிள்ளை நான்கு மைதானம் அமைத்திருந்தார். அவர் கணினிமுன் உட்கார்ந்திருக்கும்போது யாராவது தொலைபேசியில் கேட்டால் என் தங்கை, "மண்ணு வெட்டப் போயிருக்காரு" என்பாள்.

* கோல்ஃப் தெரியாதவர்களுக்கு: சின்னப் பந்தை நீள மட்டையால் அடித்து எங்கோ இருக்கும் குழியில் போட வேண்டும். எவ்வளவு குறைவான அடியில் போடுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரர். இதற்குமேல் எனக்கும் தெரியாது, கதைக்கும் தேவைப்படாது.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், என் நாலாவது மைதானத்துல இதுவரைக்கும் ஆறாயிரம் பேர் ஆடியிருக்காங்க" என்றார். பெருமையாகக்கூடச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

"ஆறாயிரமா?"

"பாதிப் பேர் மூணாவது குழியிலயே திட்டிட்டு ஓடியிருப்பாங்க. அத விடுங்க. உங்க புதுத் தொகுப்பு எப்படிப் போகுது?"

"போகுது" என்றேன்.

எப்படிப் போகிறது என்பது எனக்கும் பதிப்பாளருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். பதிப்பாளர் அதை மறந்துவிட முயன்றுகொண்டிருக்கிறார்.

அந்த வாரமே மாப்பிள்ளையின் மைதானத்துக்குக் கீழே ஒரு கருத்து வந்தது. எழுதியவர் பெயர் ஒத்தக்கொக்கு. ஐந்துக்கு ஒரு நட்சத்திரம். "ஐயா, தங்கள் மைதானத்தில் பந்து எங்கும் நிற்பதில்லை. எங்கே அடித்தாலும் உருண்டோடிக் குட்டையில் விழுகிறது. பன்னிரண்டாம் குழியில் எனக்கு நாற்பத்தோரு அடி ஆயிற்று. தாங்கள் மைதானம் அமைக்கவில்லை, சாக்கடை அமைத்திருக்கிறீர்கள்."

4

இந்தக் கொக்கை யாராக வைப்பது என்பதில் நிறையத் தடுமாறினேன். முதல் பிரதியில் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் வாயைத் திறந்தாலே தீர்ப்பாக வந்ததால் அனுப்பிவிட்டேன். அடுத்த பிரதியில் மாப்பிள்ளையின் மேலதிகாரி. அவருக்குக் கணினியைத் திறக்கவே ஆள் வேண்டும்.

உங்களுக்கு வேறொரு சந்தேகம் வந்திருக்கும்: கொக்கு அவர் மனைவிதானே? வாசகரே, என் தங்கையை உங்களுக்குத் தெரியாதா? கணவரைத் திட்ட அவளுக்குப் புனைபெயர் தேவைப்பட்டதே இல்லை.

கொக்கு நான்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக இரண்டு பிரதிகளில் மறைத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் ஆடத் தெரியாதவன்தான், ஆனால் கூடமும் கோணல்தான். சொன்னதில் தப்பில்லை. தப்பு அந்தச் "சாக்கடை"யில் இருந்தது. அவர் பிழைப்பு எது என்று தெரிந்து, எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று தெரிந்து, பொறுக்கி எடுத்துப் போட்டேன். சொற்களைப் பொறுக்குவதில் எனக்குப் பயிற்சி உண்டு.

(பேச்சுத் தமிழில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் அந்தச் செந்தமிழ். "ஐயா"வும் அதற்காகத்தான்.)

5

சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். இப்படிப் பதில் வந்தது:

"நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி சார். என் வேலையே அதுதான். எதுவும் தேங்கக் கூடாதுன்னு இருபத்திரண்டு வருஷமா கை பழகிடுச்சு. நான் பந்தையும் தண்ணின்னு நெனச்சிட்டேன் போல. எங்கெங்க நிக்கணும்னு கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. என்னிடம் வந்து ஒருவர் இப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. சொல்லித் தந்தேன்.

எட்டு மாதம். அவர் ஒரு குழியை அமைத்து எனக்கு மட்டும் திறந்துவிடுவார், நான் அடித்துப் பார்த்து எழுதுவேன். "இங்கே ஒரு கை அகலம் சமதளம் வேண்டும்." "இந்த மேட்டின் முதுகில் பந்து சற்று மூச்சு வாங்கட்டும்." அவர் மேட்டைத் தட்டுவார், மறுபடி அனுப்புவார். ஐந்தாவது மைதானம் அப்படித்தான் வளர்ந்தது. பந்து உருண்டு போய், ஓடலாமா வேண்டாமா என்று யோசித்து, நிற்கும். நான் திரைமுன் தனியாகக் கைதட்டியிருக்கிறேன். இத்தனை வருடம் எழுதியதில் அந்த எட்டு மாதம்தான் நான் சந்தோஷமாக வேலை செய்தேன். இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் எதிரிலேயே என்னைப் புகழ்வார்.

"ஒரு மனுஷன் கெடச்சிருக்காரு மச்சான். மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. அந்த மாதிரி ஆள் நமக்குப் பக்கத்துல யாரு இருக்கா?"

"யாருமில்ல" என்று ஒப்புக்கொண்டு காபியைக் குடிப்பேன்.

பிறகு, பதினேழாம் குழி முடிந்த வாரம், கொக்குக்கு அவர் எழுதியது:

"என் மச்சான் ஒரு எழுத்தாளர் சார். தங்கமான மனுஷன். ஆனா கதைய முடிக்கத் தெரியாது. எப்படி முடிக்கறதுன்னு தெரியலன்னா மழைய வரவழைச்சிடுவாரு. பதினோரு கதையில மழை பெய்யுது. எழுதினதும் மொதல்ல எனக்குத்தான் படிக்கக் குடுப்பாரு. நான் நல்லாருக்கு மச்சான்னு சொல்லிடுவேன். உங்கள மாதிரி சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். அவர் மூஞ்சியப் பாத்தா முடியாது."

தேள் கொட்டிய திருடனுக்கு என்ன கதியோ அதுதான் எனக்கு. கத்தவும் முடியாது, யாரிடமும் காட்டவும் முடியாது. என் தொகுப்புகளை எடுத்துவைத்து எண்ணினேன். பதினோரு கதை என்பது தவறு. பன்னிரண்டு.

கொக்கு அதற்குப் பிறகு பதில் எழுதவில்லை.

6

ஐந்து வாரம் போயிற்று. போன புதன்கிழமை என் தங்கை வந்தாள். நாற்காலியில் பையை வைத்தாள், உட்காரவில்லை.

"அண்ணா, அவர் சரியாவே இல்ல. ஆபீஸ்லேருந்து வந்ததும் அந்தப் பெட்டியத் தெறக்கறாரு, பாக்கறாரு, மூடிடறாரு. கேட்டா, கொக்கு பதில் போடலங்கறாரு."

"யாரு அது?" என்று கேட்டேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

"யாரோ பெரியவராம். பேச்செல்லாம் அந்தக் காலத்து ஆள் மாதிரி இருக்குமாம். செத்துகித்துப் போயிட்டாரோன்னு பயப்படறாரு. தான் ஏதோ எழுதி அவர் மனசு நொந்துடுச்சோன்னு அது வேற. ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாத்துட்டு அஞ்சு மைதானத்தையும் அழிச்சிடப் போறாராம். இனிமே அந்தப் பக்கமே போறதில்லங்கறாரு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அந்தக் கடைசி ஒண்ணப் பதினேழு குழி வரைக்கும் பண்ணிட்டாரு அண்ணா. நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன், ஆனா நேத்து என்னைய உக்கார வெச்சு ஒவ்வொண்ணாக் காட்டினாரு பாரு, எனக்கே அழுகை வந்துடுச்சு. நீ பேசு. நீ சொன்னா கேப்பாரு."

யார் சொன்னால் கேட்பார் என்று அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

7

இனி முடிவு. எனக்குத் தெரியாத வேலை என்று சாட்சியத்தோடு நிரூபிக்கப்பட்ட வேலை.

முடிவு ஒன்று. கொக்கு மறுபடி எழுதுகிறது: "ஐயா, உடல்நலமில்லை, மன்னிக்கவும். பதினெட்டாம் குழியை அனுப்புங்கள்." மைதானம் பிழைக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். அவர் என்னைப் பற்றிக் கொக்கிடம் சொன்னது தெரியாதவன்போல ஞாயிற்றுக்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த ஞாயிறும். இப்படியே இருவரும் கிழவர்களாவோம். ஒரு சிறுகதையில் இது தாங்கும். சோபாவில் தாங்காது.

முடிவு இரண்டு. கொக்கைக் கொன்றுவிடுவது. மகன் எழுதுவதுபோல நாலு வரி: "அப்பா கடைசிவரை உங்கள் மைதானத்தைப் பற்றியே பேசினார்." இது உருக்கமானது, சுலபமானது. ஆனால் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? மைதானத்துக்குக் கொக்கின் பெயரை வைப்பார். நுழைவாயிலில் பொறிக்க இரங்கல் வாசகம் ஒன்று எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வருவார்.

முடிவு மூன்று. "வெளியே மெல்லத் தூறத் தொட" (அடித்துவிட்டேன்.)

முடிவு நான்கு. போய் உண்மையைச் சொல்வது. நேற்றிலிருந்து மூன்று முறை கிளம்பினேன். ஒருமுறை அவர்கள் வீட்டு லிஃப்ட் வரைக்கும் போனேன். வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதத்தான் வரும், அதிலும் பாதி.

8

இதை நான் சனிக்கிழமை மாலை எழுதுகிறேன். நாளை காலை வழக்கம்போல இதை என் முதல் வாசகரிடம் கொடுப்பேன். மற்றவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். மேலே வாசகரே என்று நான் கூப்பிட்டது உங்களை அல்ல. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை, இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டீர்கள். இரண்டாம் பகுதியில் குளியலறைக்குச் சிரித்திருப்பீர்கள். நாலாம் பகுதியில் உங்கள் சத்தம் நின்றிருக்கும். அது எனக்குச் சமையலறையில் கேட்டிருக்கும். நான் அங்கே உங்கள் மனைவிக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

சாக்கடை என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதைக் கொக்கு எழுதவில்லை, நான் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த எட்டு மாதமும் அப்படியே. மேடு, சமதளம், பந்து நின்றபோது நான் எழுதிய வாழ்த்து, எதுவும் நடிப்பில்லை. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னதும் நடிப்பில்லை என்று தெரியும். வலித்தது. நேரில் சொல்லியிருந்தால் இன்னும் வலித்திருக்கும், ஆனாலும் நேரில் கேட்கவே ஆசைப்படுகிறேன்.

மைதானம் உங்களுடையது. அழிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். என்னை இனி வராதே என்று சொல்வதும்தான். இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு இல்லை. இருப்பது உங்களிடம். காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் எழுந்தால், அடுத்த வரி வாசல் பக்கமா சமையலறைப் பக்கமா என்று எனக்குக் காலடியிலேயே தெரிந்துவிடும். அவசரம் வேண்டாம். வெங்காயம் தீர்ந்த பிறகும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன்.